டைட்டானிக்: படம் காட்டியதும் காட்டாததும்

1997ஆம் ஆண்டில் வெளிவந்து பதினொரு ஆஸ்கார் பரிசுகளைத் தட்டிச் சென்ற ‘டைட்டானிக்’ திரைப்படத்தை அறியாத மாணவர் அரியர். கப்பல் ஏன் மூழ்கிற்று என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடை உடனே வரும். முதலாளியின் அவசரம், கப்பல் தலைவரின் தயக்கம், எவராலும் இதை மூழ்கடிக்க முடியாது என்ற செருக்கு ஆகியவற்றைச் சொல்வார்கள். மிதவைப் பலகையில் இருவருக்கும் இடம் இருந்ததா என்ற கேள்வியும் தவறாமல் வரும். அதை இங்கே விட்டுவிடுவோம்.

இந்த விடைகளில் கப்பலின் அமைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இது மாணவர்களின் குற்றம் அன்று. ஜேம்ஸ் காமரூன் இயக்கிய இப்படம் மூழ்கும் நிகழ்ச்சியைப் பெரும்பாலும் சரியாகவே காட்டுகிறது. ஆனால் காரணம் கூற வேண்டிய இடங்களில் பொறியியலைக் கைவிட்டு, மனிதர்களின் குணத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதுவே அப்படத்தின் மீது நான் சொல்ல விரும்பும் குறை.

முதலில் நிறைவைச் சொல்லிவிடுவோம். பனிமலை கப்பலின் வலப்புறத்தை 300 அடி நீளத்துக்கு ஒரே கிழிசலாகக் கிழித்துவிட்டது என்று நெடுங்காலமாக நூல்கள் எழுதிவந்தன. படத்தின் தொடக்கத்தில் கணிப்பொறி வரைபடம் ஒன்றைக் காட்டி ஓர் ஆராய்ச்சியாளர் விளக்கும் காட்சி வருகிறதல்லவா? அதில் ஒரே கிழிசல் என்று சொல்லப்படவில்லை. தந்திக் குறிகளைப் போல விட்டுவிட்டு அமைந்த துளைகள் என்றே சொல்லப்படுகிறது. இது சரி.

இதன் அளவை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். பள்ளியில் படித்த டாரிசெல்லியின் விதி ஒன்றே போதும். கப்பல் ஏறக்குறைய 34 அடி ஆழம் நீரில் அமிழ்ந்து சென்றது. சேதம் ஏற்பட்டது அடிப்புறத்திலிருந்து சுமார் 10 அடி உயரத்தில். ஆகவே துளைகளுக்கு மேல் நின்ற நீரின் உயரம் ஏறத்தாழ 25 அடி, அதாவது 7.6 மீட்டர். இந்த அழுத்தத்தில் நீர் புகும் திசைவேகம் விநாடிக்கு 12 மீட்டர். முதல் 40 நிமிடங்களில் ஏறக்குறைய 16,000 டன் நீர் உள்ளே புகுந்ததாக 1912ஆம் ஆண்டு விசாரணையில் கப்பல் கட்டிய நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட் வில்டிங் கணக்குக் காட்டினார். விநாடிக்கு 6.6 கன மீட்டர் என வைத்துக்கொள்ளுங்கள். இதைத் திசைவேகத்தால் வகுத்தால் அரை சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பு கிடைக்கும். துளை வழியே வரும் நீர்த்தாரை சுருங்குவதையும், உள்ளே நீர் ஏற ஏற அழுத்தம் குறைவதையும் சேர்த்துக்கொண்டால் பரப்பு இருமடங்காகும். வில்டிங் சொன்ன விடை 12 சதுர அடி. வீட்டுக் கதவு ஒன்றின் பரப்பில் பாதிக்குச் சற்றே கூடுதல்! இதை 200 முதல் 300 அடி நீளத்துக்குப் பரப்பினால் அகலம் அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம்தான் வரும். 1996இல் ஒலி அலைகளைச் செலுத்திச் சேற்றில் புதைந்த பகுதியை ஆராய்ந்தவர்கள் ஆறு மெல்லிய பிளவுகளைக் கண்டனர். மொத்தப் பரப்பு ஏறக்குறைய அதே 12 சதுர அடி. கடலுக்கடியில் இருந்த ஒன்றைத் தாளும் பென்சிலும் கொண்டு 84 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அளந்திருக்கிறார் என்பது எனக்குப் படத்தின் எந்தக் காட்சியையும்விட வியப்பூட்டுகிறது.

கப்பலின் இறைப்பான்கள் எல்லாம் சேர்ந்து மணிக்கு 1,700 டன் நீரையே வெளியேற்ற வல்லவை. புகுந்த நீரோ நிமிடத்துக்கு 400 டன்.

அடுத்து தடுப்புச் சுவர்களுக்கு வருவோம். டைட்டானிக்கின் உடல் 15 குறுக்குச் சுவர்களால் 16 அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அடுத்தடுத்த எந்த இரண்டு அறைகள் நிரம்பினாலும் அது மிதக்கும். முன்புறத்து நான்கு அறைகள் நிரம்பினாலும் மிதக்கும். பனிமலை ஆறு அறைகளைத் தொட்டுவிட்டது. வயலில் பாத்தி கட்டி நீர் பாய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். வரப்பு தளராமல் இருந்தாலும், பாத்தி ஒரு பக்கமாகச் சரிந்தால் நீர் வரப்பைத் தாண்டி அடுத்த பாத்திக்குப் போய்விடும். முகப்பு தாழத் தாழ இங்கும் அதுவே நடந்தது. சுவர்கள் நடுப்பகுதியில் ‘ஈ’ தளம் வரையிலும் முன்னும் பின்னும் ‘டி’ தளம் வரையிலுமே எழுப்பப்பட்டிருந்தன. படமும் இதைச் சொல்லுகிறது. ஆனால் ஏதோ கெட்ட காலத்தால் சுவர் உயரவில்லை என்பது போலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

சுவர் ஏன் அந்த உயரத்தோடு நின்றது? வடிவமைப்பாளர்கள் எதிர்பார்த்த மிகக் கொடிய விபத்து, வேறொரு கப்பல் இரண்டு அறைகள் சேரும் இடத்தில் வந்து முட்டுவது. அப்போது இரண்டு அறைகள் நிரம்பும், கப்பல் சற்றே தாழும், சுவரின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கும். அந்த விபத்துக்கு அந்த உயரம் போதும். அதற்கு மேல் கொண்டுபோனால் பயணிகளின் நீண்ட நடைவழிகளையும் உணவுக்கூடங்களையும் குறுக்கே வெட்ட நேரும். இது வெறும் ஏட்டுக் கணக்கும் அன்று. 1911 செப்டம்பர் 20ஆம் நாள் டைட்டானிக்கின் உடன்பிறப்பான ஒலிம்பிக் கப்பலின் மீது ஹாக் என்ற போர்க்கப்பல் மோதிற்று. இரண்டு அறைகளில் நீர் நிரம்பியும் ஒலிம்பிக் தன் சொந்த விசையிலேயே சௌத்தாம்ப்டன் துறைமுகத்துக்குத் திரும்பியது. கணக்கு மெய்யாயிற்று! இதே ஒலிம்பிக்தான் 1918இல் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை மோதியே மூழ்கடித்தது. 1935 வரை கடலில் ஓடவும் செய்தது. எஃகு மட்டம், ஆணி மட்டம் என்று எல்லாப் பழியையும் உலோகத்தின் மேல் போடுவோர் இந்தக் கப்பலை மறந்துவிடுகிறார்கள்.

படம் அறவே கவனிக்காத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். 1912 ஏப்ரல் 14 இரவு 11.40க்கு மோதிய கப்பல், மறுநாள் விடியற்காலை 2.20க்கு மூழ்கிற்று. 160 நிமிடங்கள்! ஆறு அறைகள் திறந்துகொண்ட ஒரு கப்பல் அவ்வளவு நேரம், பெரிய அளவில் பக்கவாட்டில் சாயாமல், ஏறக்குறைய கடைசி வரை விளக்குகள் எரிய நின்றிருக்கிறது. படத்தில் இசைக்குழு வாசிக்கிறது, காதலர்கள் ஓடுகிறார்கள், படகுகள் இரு பக்கமும் இறங்குகின்றன. இவை எல்லாவற்றுக்கும் நேரம் தந்தது எது? சுவர்கள் குறுக்காக மட்டுமே இருந்ததால் புகுந்த நீர் இடமும் வலமும் சமமாகப் பரவியது. 1915 மே 7ஆம் நாள் குண்டு பட்ட லூசிடானியா கப்பலில் இரு விலாக்களிலும் நெடுக்காக நிலக்கரி அறைகள் இருந்தன. அடிபட்ட பக்கம் நிரம்பியதும் கப்பல் அப்படியே சாய்ந்தது, 18 நிமிடங்களில் மறைந்தது. டைட்டானிக்கின் பாடத்தால் அதில் 48 படகுகள் இருந்தன. ஆனால் ஆறு படகுகளே ஒழுங்காக இறங்கின. ஏறக்குறைய 1,200 பேர் மாண்டனர். படகு போதுமான அளவு இருந்தும் கப்பல் நிமிர்ந்து நிற்கவில்லை. டைட்டானிக்கில் கப்பல் நிமிர்ந்து நின்றது, படகு போதவில்லை.

படகு ஏன் போதவில்லை? இவ்விடத்தில்தான் படத்தின் மீது எனக்கு உண்மையான வருத்தம். இன்னொரு வரிசைப் படகுகளை வைத்தால் மேல்தளம் அடைசலாகத் தெரியும் என்று சிலர் தடுத்துவிட்டதாக வடிவமைப்பாளர் தாமஸ் ஆண்ட்ரூஸ் கதாநாயகியிடம் சொல்லுகிறார். அழகுக்காக உயிர்களைப் பலியிட்டார்கள் என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வருகிறோம்.

நடந்தது இதைவிடச் சிக்கலானது. அன்றைய பிரிட்டிஷ் விதி 1894ஐச் சேர்ந்தது. 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 16 படகுகள் போதும் என்றது. டைட்டானிக் 46,328 டன். அதில் இருந்தவை 20 படகுகள். சட்டம் கேட்டதைவிட அதிகம்! அவற்றில் இடம் 1,178 பேருக்கு. பயணம் செய்தவர்களோ ஏறக்குறைய 2,200 பேர். விதி இப்படித் தூங்கியதற்கு அலட்சியம் மட்டும் காரணம் அன்று. அதன் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. பெரிய கப்பல் நெடுநேரம் மிதக்கும், கம்பியில்லாத் தந்தி கேட்டு வேறு கப்பல் வந்துவிடும், படகுகள் ஆட்களை இங்கிருந்து அங்கே கொண்டுபோகும் பரிசல்களே, ஒரே படகு பல நடை போகலாம் என்பது அக்கொள்கை.

கேலி செய்யாதீர்கள். இதற்குச் சோதனைச் சான்றும் இருந்தது. 1909 ஜனவரி 23ஆம் நாள் அதே நிறுவனத்தின் ரிபப்ளிக் என்ற கப்பல், அமெரிக்கக் கரைக்கு அப்பால் மூடுபனியில் புளோரிடா என்ற கப்பலுடன் மோதியது. தந்தி போயிற்று, பால்டிக் என்ற கப்பல் வந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படகுகளில் நடை நடையாக மாற்றப்பட்டனர். மறுநாள்தான் ரிபப்ளிக் மூழ்கியது. மோதிய கணத்தில் மாண்ட மிகச் சிலரைத் தவிர எல்லாரும் பிழைத்தனர். மூன்றே ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு வெற்றியைக் கண்டவர்கள் விதியை மாற்றுவார்களா? இத்தனைக்கும், டைட்டானிக்கில் படகைத் தாங்கி இறக்கும் இரும்புக் கைகள் ஒன்றுக்கு மேற்பட்ட படகுகளைக் கையாளத்தக்கவை. விதி மாறினால் உதவட்டும் என்றே பொருத்தியிருந்தார்கள். விதி மாறவில்லை.

கொள்கை மூன்று கால்களில் நின்றது: கப்பல் மிதக்க வேண்டும், அருகில் கப்பல் இருக்க வேண்டும், அதன் தந்தியாளர் விழித்திருக்க வேண்டும். முதற்கால் 160 நிமிடம் தாங்கியது. இரண்டாவதும் இருந்தது. கலிபோர்னியன் என்ற கப்பல் அதிகத் தொலைவில்லாமல் பனிக்கட்டிகளிடையே நின்றுகொண்டிருந்தது. அதன் ஒரே தந்தியாளர் மோதலுக்குச் சற்று முன்புதான் படுக்கப் போயிருந்தார். 58 மைல் தொலைவிலிருந்து விரைந்த கார்பேத்தியா நாலு மணிக்கு வந்து சேர்ந்தபோது படகுகளில் இருந்த எழுநூற்றுச் சொச்சம் பேரே எஞ்சியிருந்தனர். ஏறக்குறைய 1,500 பேர் உறைநிலைக்கும் கீழான குளிருள்ள உப்புநீரில் போய்விட்டனர். இந்தக் கலிபோர்னியன் 1997 படத்தில் இடம்பெறவில்லை. மூன்றாவது கால் ஒடிந்ததைக் காட்டாமல், அடைசல் கதையைச் சொன்னால் போதுமா?

மனிதர்களைக் குற்றவாளியாக்கும் இப்போக்கு வேறு இடங்களிலும் உண்டு. முதலாளி இஸ்மே வேகத்தைக் கூட்டச் சொல்லித் தூண்டுவது போன்ற காட்சிக்கு ஆதாரம், பேச்சை ஒட்டுக்கேட்ட ஒரு பயணியின் சாட்சியம். தெளிந்த வானிலையில் வேகத்தைக் குறைக்காமல் பனிப்பகுதியைக் கடப்பது கால் நூற்றாண்டாக எல்லாத் தலைவர்களும் கைக்கொண்ட வழக்கம் என்பதை விசாரணை பதிவு செய்திருக்கிறது. முதல் அதிகாரி மர்டாக் பயணிகளைச் சுட்டுத் தானும் சுட்டுக்கொள்வதாகக் காட்டியதற்கு 1998இல் படநிறுவனத்தின் துணைத்தலைவர் ஒருவர் ஸ்காட்லாந்தில் அவரது ஊரான டால்பீட்டிக்கே சென்று வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

இனி, 1958ஆம் ஆண்டுப் படம். வால்டர் லார்ட், உயிர் தப்பியோர் பலரைக் கண்டு பேசி 1955இல் எழுதிய நூலைத் தழுவி, ராய் வார்ட் பேக்கர் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம் இது. காதல் கதை கிடையாது. கலிபோர்னியன் உண்டு, தந்தியறை உண்டு, கப்பல்களுக்கிடையே செய்தி எப்படித் தவறிற்று என்பது படிப்படியாக விரிகிறது. ஆனால் கப்பல் முறியாமல் முழுதாக மூழ்குகிறது. இரண்டாம் அதிகாரி லைட்டோலர் அப்படித்தான் சாட்சி சொன்னார். மெர்சி பிரபு தலைமையிலான விசாரணையும் அப்படியே முடிவு செய்தது. இரண்டாக முறிந்ததை நான் கண்டேன் என்ற பலரும் ஏற்கப்படவில்லை. அவர்களுள் ஒருவன் 17 வயது ஜாக் தேயர். 1985 செப்டம்பர் முதல் நாள் ராபர்ட் பாலார்டும் ழான் லூயி மிஷேலும் தலைமை வகித்த குழு கப்பலைக் கண்டுபிடித்தபோது, முன்பகுதியும் பின்பகுதியும் ஏறக்குறைய 600 மீட்டர் இடைவெளியில் கிடந்தன. பையன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான்.

1997 படம் இதைத் திருத்திக்கொண்டது. ஆனால் பின்பகுதியை வானளாவத் தூக்கிய பிறகே முறிக்கிறது. நீண்ட மூங்கில் ஒன்றின் ஒரு முனையைப் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டிப் பாருங்கள், கை கடுக்கும். அதையே நிமிர்த்தினால் கடுப்பு குறையும். நீருக்கு வெளியே நீண்ட கப்பலின் எடை அதை வளைக்க முயல்வதும் இப்படியே. சாய்வு மிகுந்தால் அந்தத் திருப்புத்திறன் குறைகிறது. எனவே முறிவு அவ்வளவு உயரத்துக்கு முன்பே நிகழ்ந்திருக்க வேண்டும். பின்னர் பொறியியலார் செய்த கணக்குகளும் படத்தைவிடக் குறைந்த சாய்வையே தருகின்றன. காமரூனே 2012இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக வல்லுநர்களைக் கூட்டி இதை மறுபடி ஆராய்ந்தார். தன் படத்தைத் தானே தேர்வுக்கு உட்படுத்தும் இயக்குநர்கள் எத்தனை பேர்? இதற்காக அவரைப் பாராட்டியே தீர வேண்டும்.

மூன்றாவது உடன்பிறப்பான பிரிட்டானிக்கையும் சொல்லிவிடுகிறேன். டைட்டானிக்கின் முடிவுக்குப் பின் அதில் சில சுவர்களை ‘பி’ தளம் வரை உயர்த்தினார்கள், விலாவில் இரட்டைச் சுவர் வைத்தார்கள். 1916 நவம்பர் 21ஆம் நாள் ஈஜியன் கடலில் கண்ணிவெடி பட்டு 55 நிமிடங்களில் மூழ்கிற்று. காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த சாளரங்கள் வழியே, உயர்த்திய சுவர்களைப் பொருட்படுத்தாமல் நீர் புகுந்துவிட்டது. ஆனாலும் படகுகள் போதுமான அளவு இருந்தன, கடல் குளிராக இல்லை, உதவியும் விரைவில் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் மாண்டவர்கள் 30 பேர்.

இரண்டு படங்களில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் 1958ஆம் ஆண்டுப் படத்தையே பாருங்கள். கப்பல் முழுதாக மூழ்கும் அந்த ஒரு காட்சியை மட்டும் மனத்துக்குள் திருத்திக்கொண்டால் போதும்.