வினாக்கொத்தும் வாவிக்கரையும்

உளவியற் பயிற்சிக்குச் செல்லும் மாணவர், தம்மை நாடி வருபவரின் நடத்தையை மதிப்பிட்டுச் சிகிச்சைத் திட்டம் வகுக்கக் கற்கின்றனர். அக்கல்வி இன்றியமையாதது. ஆயின், அம்மதிப்பீடு மனிதனில் எதனைக் காண்கிறது, எதனைக் காணாது விடுகிறது என்று வினவும் உரிமை மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் உண்டு.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடி, கல்லடிக் கரைகளை அழித்தது. அதன்பின் கடலுக்குச் செல்லாத ஒரு மீனவரைக் கற்பனை செய்வோம். அவருக்கு உறக்கமில்லை, கடற்பக்கம் திரும்புவதுமில்லை. வினாக்கொத்து இதனைத் 'தவிர்த்தல்' என்று குறித்து அடுத்த வினாவுக்குச் செல்லும். அவருடைய தோணி என்னவாயிற்று? சம்மாட்டியிடம் பட்ட கடன் எவ்வளவு? இவை அத்தாளில் இல்லை. தோணியை இழந்தவரைப் படிப்படியாகக் கடலருகே அழைத்துச் செல்வதாற் பயனென்ன? மறுபுறம், கரையில் தோணி இருந்தும் அதைத் தொடக் கை நடுங்குபவருக்குப் புதுத் தோணி கொடுத்து என்ன பயன்? இரண்டிலும் வெளித்தோன்றும் நடத்தை ஒன்றே, காரணம் வேறு, சிகிச்சையும் வேறு.

இது அறிவியலுக்கு எதிரான வாதமன்று. நடத்தைக்கு முன் நிகழ்ந்தது யாது, பின் விளைந்தது யாது என்று ஆராயும்படி நடத்தை உளவியலே பணிக்கிறது. அப்பணியைப் பாதியில் நிறுத்துவதே குறை. ஆழிப்பேரலையின் பின், நடந்ததை ஒரே அமர்வில் விவரிக்கச் செய்து துயர் தீர்க்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2005இல் பரிந்துரைக்க மறுத்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அலைக்கு முன்னரே போர் இம்மண்ணைத் தின்றது. 1990இல் காத்தான்குடியும் சத்துருக்கொண்டானும் கண்ட படுகொலைகளை இரு சமூகத்தாரும் மறவார். போர்க்காலத்தில் இங்கு ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், அம்மன் கோவில்களில் தெய்வமாடி வாக்குச் சொல்வோரைப் பற்றி எழுதினார். வெளியே பேச அஞ்சிய காலத்தில், காணாமற்போனோரின் உறவினர் அங்கேதான் தம் துயரைக் கேட்கவும் சொல்லவும் முடிந்தது. தனிமனிதனின் நோய்க்குறிகளை மட்டும் எண்ணுபவர் இதனை மனப்பிறழ்வு என்று முடித்துவிடுவார். உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் குடும்பத்தையும் சமூகத்தையும் பற்றுவதெனக் காட்டி, 'கூட்டு மனவடு' என்னும் கருத்தை வலியுறுத்தியமை இக்குறையை உணர்த்துகிறது.

முற்போக்காளராகிய நாமும் தவறுகிறோம். வறுமை ஒழிந்தால் மனநோய் தானே ஒழியும் என்று கூறிவிட்டு அமைதி கொள்கிறோம். மருந்து வேண்டியவருக்கு மருந்தே வேண்டும். கோவில் வாக்கு அதற்கு ஈடாகாது. துயரின் சமூக வேரைச் சுட்டுவது, துயருறுபவரைக் கைவிடுவதற்குச் சாட்டாகலாகாது.

ஆதலின் பயிற்சி மாணவரிடம் நாம் வேண்டுவது எளியது. வினாத்தாளை விரிக்குமுன் அவர் வாழும் கரைக்குச் செல்லுங்கள். அவர் எதனை மீளப்பெற விரும்புகிறார் என்று கேளுங்கள். அதனையே திட்டத்தின் முதல் இலக்காக, அவர் சொற்களிலேயே எழுதுங்கள். வகுப்பின் கடைசி வாங்கில் பேசாதிருக்கும் பிள்ளையை 'மந்தம்' என்று பதியும் ஆசிரியராகிய நமக்கும் இப்பாடம் பொருந்தும். அப்பிள்ளை நேற்றிரவு உண்டதா என்று நம்முள் எத்தனை பேர் கேட்டோம்?