மின்கிற்றார் ஆக்கியோர் வரலாறு: கற்கத்தக்க சில நூல்கள்

இசைக்கருவியொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனை வாசித்தோரின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். கருவியைச் செய்த கைகள் முன்னுரையில் ஒரு வணக்கம் பெற்று மறைந்துவிடும். மின்கிற்றாரைப் பொறுத்தவரையில் நிலைமை சற்று வேறானது. ஐக்கிய அமெரிக்காவில் 1930களில் உருப்பெற்று, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேலைநாட்டு மெல்லிசையின் போக்கையே மாற்றிய இக்கருவியை ஆக்கியோர் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. ஆயினும் அவற்றுட் கணிசமானவை பழைய கருவிகளை விலைகொடுத்து வாங்கிச் சேர்ப்போரின் தேவை நோக்கி எழுந்தவை. வண்ணப் படங்களும் தொடரெண்களும் மலிந்தவை. வரலாறு கற்க விரும்பும் மாணவனுக்கு அவற்றிடையே நெல்லையும் பதரையும் பிரித்துக் காட்டுதல் வேண்டும்.

முதலிற் கையிலெடுக்கத்தக்கது ரொம் வீலர் 1982இல் வெளியிட்ட 'அமெரிக்கன் கிற்றார்ஸ்' என்னும் நூல். கிற்றார் வாசிப்போருக்கான சஞ்சிகையொன்றின் ஆசிரியராகவிருந்து, பின்னர் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்து, 2018இல் மறைந்தவர் வீலர். இந்நூலில் அவர் கம்பனிகளை அகரவரிசைப்படுத்திப் பேசுகிறார். பெருநிறுவனங்களோடு இன்று பெயர் மங்கிப்போன சிறு பட்டறைகளும் இடம்பெறுவதற்கு அம்முறையே துணையாயிற்று. குறையும் அதிலேயே பிறக்கின்றது. ஓர் எண்ணம் ஒரு பட்டறையிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு சென்றது என்பதை அகரவரிசை காட்டாது. எனவே இதனை அகராதிபோல் அருகில் வைத்துக்கொள்ளலாமேயன்றித் தொடர்ந்து படித்தல் இயலாது.

தோற்றக் கதைக்கு றிச்சார்ட் சிமித் 1987இல் எழுதிய றிக்கன்பாக்கர் வரலாறே சிறந்த வாயில். ஜோர்ஜ் போஷம் என்னும் இசைஞர் 1931இல் குதிரைலாட வடிவக் காந்தத்தின் நடுவே கம்பிச் சுருளொன்றை அமைத்து, அதன்மேலே உருக்குத் தந்திகளைச் செலுத்தினார். தந்தி அதிரும்போது சுருளில் நுண்ணிய மின்னோட்டம் தோன்றும். அதனைப் பெருக்கி ஒலிபெருக்கிக்குச் செலுத்தினால் இசை பிறக்கும். 'பிக்கப்' எனப்படும் இவ்வுறுப்பே பின்வந்த அனைத்துக்கும் வித்து. 'பொரிசட்டி' எனச் செல்லப்பெயர் பெற்ற அக்கருவி 1932இல் விற்பனைக்கு வந்தது. உரிமைப்பட்டயத்துக்கு 1934இல் விண்ணப்பித்தும் 1937இலேயே அது வழங்கப்பட்டது. அதற்கிடையில் பிறரும் மின்கிற்றார்களைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டனர்; 1936இல் கிப்சன் நிறுவனமும் அவ்வரிசையிற் சேர்ந்தது. சட்டத்தின் தாமதம் ஒரு தொழிலின் போக்கையே தீர்மானித்த கதை இது.

அதே சிமித் 1995இல் வெளியிட்ட பெண்டர் வரலாறு இத்துறையின் தலைசிறந்த நூல்களுள் ஒன்று. கலிபோர்ணியாவின் புல்லர்ட்டன் நகரில் வானொலி திருத்தும் கடை நடத்திய லியோ பெண்டர் (1909 - 1991) கிற்றார் வாசிக்க அறியாதவர். அவ்வறியாமையே அவருக்கு வலிமையாயிற்று எனல் தகும். மரவேலை மரபில் வந்தோர் கழுத்தையும் உடலையும் பசையிட்டு ஒன்றாக்கினர். அவரோ திருகாணியால் இணைத்தார். பழுதான வானொலியின் ஓர் உறுப்பைக் கழற்றி மாற்றுவதுபோற் கழுத்தையும் மாற்றலாம் என்பதே கருத்து. உள்ளீடற்ற பெட்டியை விடுத்துத் திண்ணிய பலகையையே உடலாகக் கொண்ட அக்கருவி 1950இல் வெளிவந்தது. 'புரோட்காஸ்ரர்' என்ற அதன் பெயர் கிறெற்ஷ் நிறுவனத்தின் முரசுப் பெயரோடு மோதியமையால் 1951இல் 'ரெலிகாஸ்ரர்' ஆயிற்று. இவற்றையெல்லாம் சிமித் நிதானமாகவும் ஆதாரத்தோடும் கூறிச் செல்கிறார். எனினும் ஊர்ப்பற்றும் நாயகப்பற்றும் அவர் எழுத்தில் அங்கங்கே தலைகாட்டாமலில்லை.

அப்பற்றுக்கு மாற்றாகத் தொழிற்சாலைக்குள் இருந்தோரின் நூல்களையும் படித்தல் வேண்டும். 1954இல் அங்கே சேர்ந்து ஆலையை நிருவகித்த பொரஸ்ற் வைற் 1994இல் ஒரு நூல் தந்தார். அதற்கு முந்திய ஆண்டில் லியோவின் நெடுநாட் துணைவர் ஜோர்ஜ் புல்லர்ட்டன் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். கருவிகளைச் சோதித்துப் பார்த்த இசைஞர் பில் கார்சனும் தம் நினைவுகளை எழுதியுள்ளார். மூவரும் ஒரே கூரையின்கீழ் உழைத்தவர்கள். மூவரும் நேர்மையானவர்கள் என்றே கொள்ளலாம். ஆயினும் எவருக்கு எவ்வளவு பங்கு என்பதில் அவர்கள் நினைவுகள் ஒன்றுபடுவதில்லை. 1954இல் வந்த 'ஸ்ராற்றோகாஸ்ரர்' கருவியின் உடல் மார்போடு பொருந்துமாறு ஏன் வளைத்துச் செதுக்கப்பட்டது என்று வினவின், கார்சன் சொன்னார் என்பர் சிலர். றெக்ஸ் கலியன் சொன்னார் என்பர் வேறு சிலர். வரைபலகையில் உழைத்த பிறெடி ரவாரெஸை முன்னிறுத்துவோரும் உளர். இம்முரணை ஒரு குறையெனத் தள்ளுதல் தவறு. நேரிற் கண்டோர் கூற்றும் ஒப்புநோக்கப்படல் வேண்டும் என்னும் வரலாற்று விதியை மாணவன் இங்கு விளையாட்டாகவே கற்றுக்கொள்வான். வைற்றின் நூலில், 1965இல் நிறுவனம் ஒரு கோடியே முப்பது இலட்சம் டொலருக்குச் சி.பி.எஸ். கம்பனிக்கு விற்கப்பட்ட பின் நேர்ந்த சீர்கேட்டைக் கூறும் பகுதியில் மனக்கசப்பு மிகுதி. ஆனாற் கசப்புள்ள சாட்சி பொய்ச்சாட்சி ஆகிவிடாது.

கிப்சன் நிறுவனம் பற்றி வோல்ரர் காட்டர் 1994இல் எழுதிய நூற்றாண்டு வரலாறு தெளிவானது. விழாமலரின் மணமும் உடையது. அதனினும் பயன்மிக்கது பிரெஞ்சுக்காரரான டுஷொசுவா அதே காலத்தில் வெளியிட்ட 'கிப்சன் இலெக்றிக்ஸ்'. வறண்ட நடை; ஆயினும் ஆலையிலிருந்து அனுப்பப்பட்ட கருவிகளின் தொகை அதில் உண்டு. இன்று பெரும்புகழ் பெற்ற 'பிளையிங் வீ' கிற்றார் 1958இல் 81உம் 1959இல் 17உமே அனுப்பப்பட்டது என்னும் கணக்கொன்றே, புகழ்மொழிகள் பத்துப் பக்கத்திற் சொல்லாததைச் சொல்லிவிடுகின்றது.

அண்மைக்கால நூல்களுள் மிகுதியாகப் படிக்கப்படுவது இயன் போர்ட் 2019இல் வெளியிட்ட 'தி பேர்த் ஒவ் லவுட்'. நாவல்போல் விரைந்து செல்லும் நடை. புதிதாகப் படிக்கத் தொடங்குவோருக்கு இதனிலும் இனிய வாயில் கிடையாது. லியோ பெண்டரையும் லெஸ் போலையும் எதிரெதிரே நிறுத்திக் கதையை வளர்க்கிறார் ஆசிரியர். அங்கேதான் ஐயம் எழுகின்றது. லெஸ் போல் ஈடற்ற இசைஞர், புதுமை நாட்டமுடையவர், ஆனால் ஆலை நடத்தியவரல்லர். 1952இல் அவர் பெயர் தாங்கி வந்த கிப்சன் கிற்றாரை வடித்ததில் அவருக்கு எவ்வளவு பங்கு என்பது அவருக்கும் கிப்சன் தலைவர் ரெட் மக்கார்ட்டிக்கும் இடையே இறுதிவரை தீராத வழக்கு. சந்தையிற் பெண்டருக்கு உண்மையான எதிரி கலமசூ நகரத்து ஆலையும் மக்கார்ட்டியுமே. நூலில் அவருக்கு இடம் இல்லாமலில்லை. தலைப்பில் நிற்பவர் மட்டும் மற்றவர். இரு மனிதரின் போட்டி கதைக்கு நன்று. தொழில் வரலாற்றுக்கு அது போதாது.

முந்தியவர் யார் என்னும் வினா பலரை மயக்கியுள்ளது. அன்டி பபியுக் எழுதிய போல் பிக்ஸ்பி வரலாறு, திண்ணுடல் மின்கிற்றாரின் தந்தை பிக்ஸ்பியே என அட்டையிலேயே தீர்ப்பளித்துவிட்டுப் பின்னரே வழக்கை விசாரிக்கின்றது. 1948இல் மேர்ள் ரிறாவிசுக்காகப் பிக்ஸ்பி செய்த கருவியில் ஆறு முறுக்காணிகளும் தலையின் ஒரே பக்கத்தில் அமைந்தன; பெண்டர் கருவிகளிலும் அவ்வாறே. லியோவோ அவ்வமைப்பைக் குரோவேசிய நாட்டார் கருவிகளிலிருந்து பெற்றதாகக் கூறினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு வியன்னாவில் ஸ்ரௌபர் செய்த கிற்றார்களிலும் அதுவே உண்டு. தந்தையர் பலராயிருத்தல் கருவிகளுக்கு இழுக்கன்று. எனினும் பிக்ஸ்பியின் கைத்திறனைக் காட்டும் படங்களுக்காகவேனும் பபியுக்கின் நூல் நூலகங்களில் இருத்தல் வேண்டும்.

ஸ்ரீவ் வக்ஸ்மன் 1999இல் வெளியிட்ட ஆய்வு நூல் வாசித்தோரையே பெரிதும் பேசுவதாயினும், ஒலி எவ்வாறு சமூகப் பொருள் பெறுகின்றது என அறிய விரும்புவோர் அதனை விடலாகாது.

இறுதியாக ஒரு நூல். இது மின்கிற்றார் பற்றியதன்று. ஜோன் தோமஸ் என்னும் சட்டப் பேராசிரியர் எழுதிய 'கலமசூ கல்ஸ்', இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிப்சன் ஆலையிற் சாதாரணக் கிற்றார்களைச் செய்த பெண்களைப் பற்றியது. அக்காலத்திற் கிற்றார் செய்யப்படவேயில்லை என்பதே வழங்கிவந்த செய்தி. ஆலையின் முன் பெண்கள் பலர் அணிவகுத்து நிற்கும் ஒரு புகைப்படத்தைத் தோமஸ் கண்டார். உயிரோடிருந்த சிலரைத் தேடிச் சென்று வினவினார். அவர்கள் செய்த கருவிகளை எக்ஸ் கதிர்ப் படமெடுத்து ஆராய்ந்து, அவை நுண்மையிற் சிறந்தன என்றார். அம்முடிவு முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. போர்க்கால உலோகப் பஞ்சத்தாற் சில கருவிகளின் கழுத்தில் உருக்குக் கம்பி வைக்கப்படவில்லை. ஒலியின் வேற்றுமைக்கு அத்தகைய காரணங்களும் இருத்தல் கூடும். ஆனால், பெண்டர் ஆலையிலே 'பிக்கப்'புக்குக் கம்பி சுற்றிய பெண்களையும், கழுத்தின் அடியிற் பென்சிலால் இரண்டெழுத்து மட்டும் இட்டுச் சென்ற ததேயோ கோமெஸ் போன்ற தொழிலாளரையும் நடுவில் வைத்து எழுத விரும்பும் ஆய்வாளன், பெண்டர் வரலாறுகளைத் திறக்குமுன் தோமஸின் நூலையே திறத்தல் வேண்டும்.