வேட்பாளனும் வாக்காளனும்
1948 கண்டி இடைத்தேர்தல் பற்றிய ஒரு மறுநோக்கு

தேர்தற் களத்தில் முதன்முறையாக இறங்கி, வெல்வாரென்று எவரும் எதிர்பாராத நிலையில் வெற்றியீட்டும் வேட்பாளரின் கதை மக்கள் மனத்தை எளிதிற் கவர்வதாகும். பணபலம், குடும்பச் செல்வாக்கு, பதவிபலம் ஆகிய மூன்றும் எதிரணியில் நிற்கத் தனியொருவர் எழுந்து நின்று வெல்வது கேட்போருக்கு மகிழ்ச்சியும் நம்பிக்கையும் தருவது. வீரயுகத்துப் பாணன் தலைவன் ஒருவனை மையமாக வைத்துப் போரைப் பாடினான். போரிலே மடிந்த பெயரறியா வீரர் அப்பாட்டிற் பின்னணியாக மாத்திரமே நின்றனர். இன்று தேர்தல்களைப் பற்றி எழுதுவோரும் பெரும்பாலும் அப்பாணனின் வழியையே பின்பற்றுகின்றனர். வேட்பாளன் கதாநாயகனாகின்றான், வாக்காளன் வெறும் எண்ணிக்கையாகின்றான். இந்நோக்கு எத்துணைக் குறைபாடுடையது என்பதை நாம் பயிலும் இக்கண்டிப் பிரதேசத்திலேயே நிகழ்ந்த ஒரு தேர்தலைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் கண்டித் தொகுதியை வென்றவர் ஜோர்ஜ் ஈ. டி சில்வா ஆவார். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அரசாங்க சபையிலும் கண்டியின் பிரதிநிதியாக விளங்கியவர் அவர். சுகாதார அமைச்சராகப் பணியாற்றிய அவர், டி. எஸ். சேனநாயக்கவின் முதலாவது அமைச்சரவையிலும் இடம்பெற்றார். தேர்தல் மனுவொன்றின் விளைவாக அவர் தமது ஆசனத்தை இழக்கவே, 1948 இல் இடைத்தேர்தல் நடைபெற்றது. அதில் வெற்றி பெற்றவர் ரி. பி. இலங்கரத்ன. 1913 இல் கண்டியை அடுத்த ஹத்தரலியத்தையிற் பிறந்த அவருக்கு அமைச்சுப் பதவியின் பின்பலமோ நீண்டகாலப் பாராளுமன்ற அனுபவமோ இருக்கவில்லை. அவர் வேலைநீக்கம் செய்யப்பட்ட ஓர் அரசாங்க எழுதுவினைஞர்.

அவர் வேலை இழந்தமைக்கான காரணத்தை நோக்குமிடத்து அவ்வெற்றியின் உண்மைத் தன்மை புலனாகும். அரசாங்க எழுதுவினைஞர் சேவைச் சங்கத்தின் தலைவராக அவர் இருந்த காலத்திலேயே 1947 மே, யூன் மாத வேலைநிறுத்தம் வெடித்தது. அரசாங்க ஊழியருக்கு முழுமையான தொழிற்சங்க உரிமை வேண்டுமென்பது அப்போராட்டத்தின் தலையாய கோரிக்கையாகும். 1947 யூன் 5 ஆந் திகதி கொழும்பிலே பொலிசார் சுட்டதில் வி. கந்தசாமி என்னும் தமிழ் எழுதுவினைஞர் உயிரிழந்தார். பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டதும் அதே மாதத்திலேயேதான். பின்னைய தசாப்தங்களில் இந்நாட்டிற் பிரகடனம் செய்யப்பட்ட அவசரகால நிலைமைகளுக்கு அடிப்படையாக அமைந்தது இச்சட்டமே என்பதை நாமனைவரும் அறிவோம். ஆனால், சிங்கள, தமிழ் எழுதுவினைஞர் தோளோடு தோள் நின்று நடத்திய ஒரு போராட்டத்தின் முன்னிலையிலேயே அச்சட்டம் பிறந்தது என்பதை நம்மிற் பலர் நினைவிற் கொள்வதில்லை.

ஈண்டு இன்னொரு முரண்பாடும் நோக்கத்தக்கது. அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் பாராளுமன்ற உறுப்பினராவதற்கு அன்றைய அரசியலமைப்பு இடமளிக்கவில்லை. இலங்கரத்ன தமது மேசையிலேயே இருந்திருப்பாராயின் கண்டியின் வேட்பாளராகியிருக்க இயலாது. அரசு அவரைத் தண்டிக்க விரும்பி வேலையிலிருந்து நீக்கிற்று. அத்தண்டனையே அவரைத் தேர்தற் களத்திற்கு உரியவராக்கிற்று. அவர் தேர்தலுக்குப் புதியவராயினும் போராட்டத்துக்குப் புதியவரல்லர். அவருக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தது. ஒரு வேலைநிறுத்தத்தின் அனுபவம் இருந்தது. ஒரு மரணத்தின் நினைவும் இருந்தது. ஆகவே, தனிமனிதர் ஒருவரின் அதிசய வெற்றியென இதனைக் காட்டுவது வரலாற்றைக் குறுக்குவதாகும். வேட்பாளரின் ஆளுமைக்கு இடமேயில்லை என்று நாம் வாதிக்கவில்லை. அவ்வாளுமை எந்த மண்ணில் வேரூன்றி நின்றது என்பதே நமது வினா.

அவர் நிரப்பிய இடத்தின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. ஜோர்ஜ் ஈ. டி சில்வாவும் ஒரு காலத்திற் கண்டியின் மேட்டுக்குடி அரசியலுக்கு வெளியே நின்றவர். கண்டிப் பிரபுக் குடும்பங்களைச் சாராத அவரைச் சாதாரண மக்கள் 'அப்பே ஜோர்ஜ்', அதாவது 'எங்கள் ஜோர்ஜ்' என உரிமையோடு அழைத்தனர். அவருடைய துணைவியார் அக்னஸ் டி சில்வா பெண்களுக்கு வாக்குரிமை கோரி 1927 இல் அமைக்கப்பட்ட சங்கத்தின் முன்னணியில் நின்று, டொனமூர் ஆணைக்குழுவின் முன் அக்கோரிக்கைக்காக வாதாடியவர். 1931 இல் இலங்கையிற் பெண்களும் வாக்களித்தமைக்கு இத்தகையோரின் முயற்சி முக்கிய காரணமாகும். நேற்று வெளியே நின்றவர் இன்று உள்ளே அமர்ந்திருக்க, இன்று வெளியே நிற்பவர் அவருடைய இடத்துக்கு வருகின்றார். வாக்குரிமை விரிந்தமையாலேயே இவ்வியக்கம் சாத்தியமாயிற்று.

1949 இல் நிகழ்ந்தது இக்கருத்தை மேலும் வலியுறுத்துகின்றது. இலங்கரத்னவும் தேர்தல் மனுவொன்றினால் ஆசனத்தை இழந்தார். மீண்டும் இடைத்தேர்தல் வந்தது. அவருடைய துணைவியார் தமரா குமாரி இலங்கரத்ன போட்டியிட்டு வென்றார். அக்னஸ் டி சில்வா வாதாடிப் பெற்ற உரிமையின் வழியிலேயே, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே கண்டி நகரம் ஒரு பெண்ணைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. நீதிமன்றம் ஒரு வேட்பாளரை விலக்கிற்று. ஆனால் அவருக்கு வாக்களித்த மக்கள் அப்படியே இருந்தனர். எனவே அவர்கள் தமது தீர்ப்பை மறுபடியும் வழங்க முடிந்தது. வேட்பாளன் அடையும் தோல்வி ஈடுசெய்யத்தக்கது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஈடுசெய்ய முடியாத தோல்வியொன்றும் அவ்விரண்டு ஆண்டுகளிலேயே, கண்டியைச் சூழ்ந்த மலைகளில், நிகழ்ந்துகொண்டிருந்தது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் வென்றனர். நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் அடங்குவர். மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து கவிஞராக அறியப்பட்ட வேலுப்பிள்ளையும் இலங்கரத்னவைப் போன்றே அப்பாராளுமன்றத்திற்குப் புதியவர். ஆயின், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம் ஆகிய மூன்றும் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஓர் ஆசனத்தையேனும் பெறவில்லை. வேலுப்பிள்ளையை எந்த நீதிமன்றமும் விலக்கவில்லை. அவருக்கு வாக்களித்த மக்களே விலக்கப்பட்டனர். தம் துணைவியாரையோ தோழரையோ தமக்குப் பதிலாக நிறுத்தி அவர் என்ன பயன் கண்டிருப்பார்?

இவ்விருவரும் எழுத்தாளர் என்பது ஒப்புநோக்கிற்கு மேலும் வாய்ப்பளிக்கின்றது. இலங்கரத்ன சிங்களத்தில் நாவல்கள் எழுதியவர். 1957 இல் வெளிவந்த 'அம்ப யஹலுவோ' வளவு வீட்டுச் சிறுவனுக்கும் ஏழைச் சிறுவனுக்கும் இடையே மலரும் நட்பைச் சித்திரிப்பது. தலைமுறை தலைமுறையாகச் சிங்களச் சிறுவர் விரும்பிப் படித்துவரும் நூல் அது. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்', தொழிற்சங்கம் அமைக்க முற்படும் தோட்டத் தொழிலாளி எதிர்நோக்கும் அவலத்தைப் பொருளாகக் கொண்டது. தோட்டத்தில் வேலை போனால் லயத்து அறையும் போய்விடும். நகரத்து எழுதுவினைஞன் சங்கம் அமைத்தமைக்காக வேலையிழந்தபோது அவனுக்கு ஒரு தொகுதியும் அதில் வாக்காளரும் இருந்தனர். தோட்டத் தொழிலாளி அதே குற்றத்துக்காக வேலையிழந்தபோது அவனுக்குத் தலைசாய்க்க இடமில்லை. இவ்விரண்டு நிலைமைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதே 1948 வெற்றியின் அளவும் எல்லையும் ஒருங்கே தெரியவருகின்றன.

இலக்கியம் என்ற வகையிலும் இரு நூல்களின் உலகங்கள் வேறானவை. கிராமத்திலே உயர்ந்தவனும் தாழ்ந்தவனும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஆதலாற் சிறுவரின் நட்பு அத்தடையைத் தாண்டுவதாகக் கற்பனை செய்ய முடிகின்றது. லயத்துச் சிறுவனோ கிராமத்துக்கே வெளியே நிறுத்தப்பட்டவன். தடையைத் தாண்டுவதற்கு முன்னர் அவன் அத்தடையின் அருகிலேனும் வந்து சேரவேண்டும். வேலுப்பிள்ளை பிற்காலத்தில் தொகுத்து 1983 இல் வெளியிட்ட 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலை இவ்வகையிலேயே மதிப்பிடல் வேண்டும். வாக்காளர் இடாப்பு பதிய மறுத்த ஒரு மக்கட் கூட்டத்தின் குரலை அவர் ஏட்டிற் பதிந்து வைத்தார்.

கண்டிப் பிரதேசத்தின் தொழிலாளர் வரலாறு இரண்டு மரணங்களால் இணைக்கப்பட்டுள்ளது என்பதையும் இங்குக் குறிப்பிடல் பொருந்தும். கொழும்பிலே கந்தசாமி வீழ்வதற்கு ஏழாண்டுகளின் முன்னர், 1940 சனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். இருவரும் தொழிற்சங்க உரிமைக்காகவே உயிர் நீத்தனர். கந்தசாமியின் சங்கத் தலைவர் பாராளுமன்றம் சென்றார். கோவிந்தனின் தோழர்கள் வாக்குரிமையையும் இழந்தனர்.

இவ்வாறு கூறுவதனால் இலங்கரத்னவின் பணிகளை நாம் குறைத்து மதிப்பிடுவதாகக் கருதலாகாது. கலஹாத் தொகுதியின் பிரதிநிதியாக அவர் மீண்டும் பாராளுமன்றம் புகுந்து, 1956 அரசாங்கத்தில் தொழில் அமைச்சரானார். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் அவர் காலத்தில் வந்தது. 1961 இல் மக்கள் வங்கி தோன்றியதும் அவர் வர்த்தக அமைச்சராயிருந்த காலத்திலேயாகும். சேமலாப நிதி தோட்டத் தொழிலாளரையும் உள்ளடக்கியது. தமக்கு வாக்களிக்க முடியாதவர்களுக்கும் பயன்தந்த சட்டத்தை இயற்றியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. ஆயினும் 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தை நிறைவேற்றியதும் அவர் அங்கம் வகித்த அரசாங்கமே. 1947 இல் ஒன்றாக நின்ற சிங்கள, தமிழ் எழுதுவினைஞரை மொழியின் பேராற் பிரித்தது அச்சட்டம். ஒரு மனிதரின் நல்லெண்ணம் மாத்திரம் போதாது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும். வாக்காளரின் கூட்டு சிதையும்போது அக்கூட்டினால் எழுந்த வேட்பாளரும் மாறிவிடுகின்றார்.

அவர் பிரதிநிதித்துவம் செய்த கலஹாப் பகுதியே இதற்கு மேலும் விளக்கம் தருகின்றது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதலாவது வர்த்தகத் தேயிலைத் தோட்டத்தை உருவாக்கிய லூல்கந்துரை இப்பகுதியையே சார்ந்தது. சோல்பரி அரசியலமைப்பின்படி தொகுதிகள் வகுக்கப்பட்டபோது மொத்தச் சனத்தொகையே கணக்கிற் கொள்ளப்பட்டது. குடியுரிமையிழந்த தோட்டத் தொழிலாளரும் அக்கணக்கிற் சேர்ந்தனர். அதனால் மலைநாட்டுக்குக் கூடுதலான ஆசனங்கள் கிடைத்தன. ஆனால் அவ்வாசனங்களுக்கு வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. ஆசனங்களைப் பெருக்க அவர்களின் தலைகள் வேண்டப்பட்டன; கைகள் வேண்டப்படவில்லை. மலையகத் தமிழரின் வாக்குகளால் அவர்களுள் ஒருவர் மீண்டும் பொதுத் தேர்தலில் வெல்வதற்கு 1977 வரை, முப்பது ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் எஸ். தொண்டமான் தெரிவானார். இந்திய வம்சாவளியினரிடையே எஞ்சியிருந்த நாடற்றோர் நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 இலேயே வந்தது.

இன்றைய நிலையிலும் இவ்விமர்சனத்திற்குப் பொருளுண்டு. விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தின் கீழ் 1989 முதல் கண்டி மாவட்டம் முழுவதும் ஒரே களமாயிற்று. வேலையிழந்த எழுதுவினைஞர் ஒருவர் நகரமொன்றின் வாக்காளரை நம்பி எழுந்து நிற்கும் வாய்ப்பு அருகிவிட்டது. கட்சிப் பட்டியலில் இடமும், மாவட்டம் முழுவதும் விருப்பு வாக்குத் தேடும் வசதியும் முதற் தேவைகளாகிவிட்டன. புதியவர்கள் அரசியற் பயிற்சி பெறத்தக்க களமாக 1988 இல் உருவான மாகாண சபைகளும் அந்நிலையை நீண்டகாலம் பேணவில்லை. 2013 இல் தெரிவான மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 இல் முடிவுற்ற பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. இச்சூழலில் ஒரு புதிய வீரனை எதிர்பார்த்திருப்பது இயல்பே. எனினும் அவ்வெதிர்பார்ப்பு நம்மைச் செயலற்றவர்களாக்கும் அபாயமும் உண்டு.

ஆகவே, ஒரு தேர்தலை மதிப்பிடும்போது யார் வென்றார் என்ற வினாவுக்கு முன்னர், யாருக்கு வாக்கிருந்தது, யாருக்கு இருக்கவில்லை, வாக்கிருந்தோர் எவ்வாறு ஒன்றுசேர்ந்தனர் என்ற வினாக்களை எழுப்புதல் வேண்டும். 1948 இற் கண்டி தெரிவுசெய்த எழுதுவினைஞரின் வெற்றி பாராட்டத்தக்கது. அவ்வெற்றியை அவரோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டியவர்கள் சங்கத்திலும் வீதியிலும் நின்ற பெயரறியா எழுதுவினைஞர்கள். அவ்வெற்றியிற் பங்குபெறும் உரிமையையே இழந்தவர்கள், நகரைச் சூழ்ந்த மலைகளிற் கொழுந்து கொய்தவர்கள். இவ்விரு சாராரையும் சேர்த்து எழுதாத எந்தத் தேர்தல் வரலாறும் பாதி வரலாறே. மற்றப் பாதியை எழுதும் பொறுப்பு, அம்மலைகளின் அடிவாரத்திலே அமர்ந்து கல்வி பயிலும் நமக்கு உரியதாகும்.