பாசண்டம்: ஒரு சொல்லின் பொருட்பிறழ்வு

சிலப்பதிகாரத்துக் கனாத்திறம் உரைத்த காதையில் வரும் பாசண்டச் சாத்தனை விளக்கப் புகுவோர் அவன் பெயரின் முதற்சொல்லிலேயே இடறுவர். வடமொழி அகராதிகளைப் புரட்டினால் பாஷண்டம் என்பதற்கு வேதநெறிக்குப் புறம்பான பொய்ச்சமயம் என்னும் பொருளே முன்னிற்கும். அதனைக் காப்பியத்துள் பெய்தால், மாற்றாள் மகவைப் பாலூட்டுகையில் இழந்த பார்ப்பனி மாலதி பொய்ச்சமயத்தார் தெய்வத்தை அடைக்கலம் புகுந்தாள் என்றாகும். காப்பியத்தில் அத்தகைய இகழ்ச்சியின் சாயலே இல்லை. பல கோட்டங்களில் முறையிட்ட பின்னரே அவள் சாத்தனிடம் வருகிறாள். அவனோ அம்மகவாகவே வளர்ந்து, தாயத்தாரோடு வழக்குரைத்து, பெற்றோர்க்குரிய கடன்களையும் கழிக்கிறான். வேதநெறிக்குப் பகையான தெய்வம் செய்யும் செயலா இது?

அடியார்க்கு நல்லார் தடுமாறவில்லை. பாசண்டம் என்பது 96 வகைச் சமய சாத்திரத் தருக்கக் கோவை என்பது அவர் கொண்ட பொருள். அவற்றில் வல்லவனே சாத்தன். பழிப்பு இங்கும் இல்லை.

இவ்வுரையின் பொருத்தம் அசோகன் கல்வெட்டுகளால் விளங்கும். 12ஆம் பெரும்பாறைக் கட்டளை பிறர் பாசண்டத்தைப் பழிப்பவன் தன் பாசண்டத்திற்கே கேடு செய்கிறான் என்னும் கருத்தினது. தன் பாசண்டம் என்னும் ஆட்சியே போதிய சான்று. தன் சமயத்தைத் தானே பொய்ச்சமயம் என்பார் எவருமிலர். 7ஆம் தூண் கட்டளை பௌத்த சங்கத்தார், பிராமணர், ஆசீவகர், நிகண்டர் ஆகியோரை வரிசைப்படுத்திப் பிற பாசண்டங்களையும் உடன்சேர்க்கிறது. கந்தகாரில் 1963இல் வெளிப்பட்ட கிரேக்க வடிவமோ இச்சொல்லுக்கு நேராகத் தத்துவப் பள்ளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஆள்கிறது. மொழிபெயர்த்தவன் அசோகன் காலத்தவன். அவன் தேர்வு பிற்கால அகராதிகளினும் எடை மிக்கது.

இகழ்ச்சிப்பொருள் பிற்காலத்தார் கற்பனை எனத் தள்ளிவிடவும் இயலாது. பாசண்டிகளை வாய்ச்சொல்லாலும் மதித்தல் ஆகாது என்கிறது மனு தருமம். அவர்களை நகரினின்று அகற்றுமாறும் விதிக்கிறது. ஆகவே காலத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு இச்சொல்லின் பொருளைத் துணிதல் பிழையாகும். பாசண்டங்களுள் தன்னதும் ஒன்றெனக் கொண்டு பேசுவோன் வாயில் அது சமயத்தின் பெயர். தன்னை அவற்றுக்கு அப்பால் நிறுத்திக்கொள்வோன் வாயில் வசை. சைவ நூலோர் பிற நெறிகளைப் புறப்புறம், புறம், அகப்புறம் என வகுத்ததும் தம் நெறியை நடுவாக வைத்தே.

இளங்கோவடிகள் நின்ற இடம் முன்னையது. நிக்கந்தக் கோட்டமும் வேற்கோட்டமும் ஒரே நகரில் ஒரே மூச்சில் எண்ணப்படும் காப்பியத்தில், பாசண்டச் சாத்தனைச் ‘சமயநூல் வல்ல சாத்தன்’ என்று பெயர்ப்பதே நேரிது.