எழுத ஆயிரம் கை, காக்க ஒரு கை

ஒரு நிறுவனத்தின் செய்முறை அறிவில் பெரும்பகுதி ஏட்டில் இருப்பதில்லை, ஆட்களிடம் இருக்கிறது. சர்வர் விழுந்தால் எதை முதலில் எழுப்ப வேண்டும், எந்த வாடிக்கையாளருக்கு என்ன சலுகை ஒப்புக்கொண்டோம் என்பதெல்லாம் தெரிந்தவர் வேலையை விட்டுப் போகும்போது அவருடனேயே போய்விடுகின்றன. இதற்குத் தீர்வாகவே பல நிறுவனங்கள் விக்கியை நாடின. அது தீர்வுதானா என்று அறிய மூன்று கேள்விகள் போதும். தெரிந்ததை ஆட்கள் எழுதுகிறார்களா? எழுதியது தேவைப்படும்போது கிடைக்கிறதா? கிடைத்தது இன்றைக்கும் சரியானதா?

முதல் கேள்வியில் விக்கிக்கு முழு வெற்றி. 1995 மார்ச்சில் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியை நிரலாளர்களுக்குத் திறந்துவிட்டபோது, படிப்பவரே திருத்தலாம் என்பதுதான் அதன் அடிப்படை. அலுவலக ஆவணம் அதற்கு நேர்மாறாக நடந்துவந்தது: ஒருவர் வேர்ட் கோப்பில் எழுதுவார், மேலாளர் ஒப்புதல் தருவார், பிறகு அது ஏதோ ஒரு ஃபோல்டரில் முடங்கும். விக்கியில் பிழையைக் கண்டவர் அந்த இடத்திலேயே திருத்துகிறார். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பக்க வரலாற்றில் பதிவாகிறது. தவறான மாற்றத்தை நொடியில் நீக்கிப் பழையதை மீட்கலாம். அதனால்தான் முன் ஒப்புதல் இல்லாமலே எழுத விட முடிகிறது.

இதற்கு மிகக் கடினமான சோதனைக்களம் அமெரிக்க உளவுத்துறை. செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையம், அமைப்புகள் தகவலைத் தங்களுக்குள் பகிராததைப் பெருங்குறையாகச் சுட்டி 2004இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டே உளவு அமைப்புகளுக்குள் மட்டும் இயங்கும் விக்கியான இன்டெலிபீடியா சோதனை முறையில் தொடங்கியது. 2006இல் முறைப்படி அறிவிக்கப்பட்டது. விக்கிப்பீடியாவின் அதே மீடியாவிக்கி மென்பொருள்தான். ஆனால் பெயர் மறைத்து எழுத இடமில்லை. அவ்வாண்டு அக்டோபரில் மன்ஹாட்டன் கட்டடம் ஒன்றில் சிறு விமானம் மோதியபோது, 20 நிமிடத்தில் அதற்கொரு பக்கம் உருவானது; அடுத்த இரண்டு மணி நேரத்தில் ஒன்பது அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் அதை 80 முறை திருத்தினார்கள். ரகசியத்தையே தொழிலாகக் கொண்டவர்களை ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுத வைத்தது சாதாரணச் சாதனை அல்ல.

இரண்டாம் கேள்வியில் அதே இன்டெலிபீடியா தடுமாறியது. அதிகாரபூர்வ அறிக்கைகள் அந்தந்த அமைப்பின் பழைய ஒப்புதல் வழியிலேயே தொடர்ந்து வெளிவந்தன. ஒரே பொருள் இரண்டு இடங்களில் எழுதப்பட்டது. விக்கி பழைய வழியை அகற்றாமல் அதன் பக்கத்தில் இன்னொன்றாக நின்றது. இந்தக் குறையை உரக்கச் சொன்னவர்களில் விக்கியின் ஆதரவாளர்களும் உண்டு. சாதாரண அலுவலகத்திலும் இதுவே நடக்கிறது. பாதித் தகவல் விக்கியில், மீதி மின்னஞ்சலிலும் அரட்டைக் குழுவிலும். தேடினால் ஒரே தலைப்பில் மூன்று பக்கங்கள் வரும். எது செல்லும் என்று கடைசியில் ஓர் ஆளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் கேள்விதான் மிகவும் கனமானது. விக்கிப்பீடியாவைச் சரியாக வைத்திருப்பது அதன் பெருந்திரளான வாசகர்கள். அவர்களில் மிகச் சிலர் திருத்தினாலே போதும். நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு பக்கத்தை ஆண்டுக்கு நான்கைந்து பேர் படிப்பார்கள். அங்கே பிழை பல காலம் பிழைத்திருக்கும். பக்கமே இல்லையென்றால் விசாரித்துச் செய்வோம். பழைய பக்கம் இருந்தால் நம்பிச் செய்துவிடுவோம். மாற்றப்பட்ட சர்வருக்கான பழைய மீட்பு முறையை நள்ளிரவில் ஒருவர் பின்பற்றினால் தரவே அழியலாம். கடைசியாகத் திருத்திய தேதி பக்கத்தில் இருக்கிறதே என்பார்கள். அது பக்கத்தைத் தொட்ட நாளைச் சொல்லும், சரிபார்த்த நாளைச் சொல்லாது.

நல்ல பழக்கம் வந்தால் இது சரியாகிவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. இன்டெலிபீடியாவை நடத்தியவர்கள் நன்றாகப் பங்களித்தவர்களுக்குச் சிறு தோட்ட மண்வாரிகளைப் பரிசளித்தார்கள். விக்கிக்குக் களையெடுப்பு தேவை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஆனால் பரிசு கடமை ஆகாது. புதிய பக்கம் எழுதியவரின் உழைப்பு ஆண்டு மதிப்பீட்டில் தெரியும். காலாவதியான பத்துப் பக்கங்களை நீக்கியவரின் உழைப்பு தெரியாது. எல்லாருக்கும் உரிமை தந்து எவருக்கும் பொறுப்பு தராததே விக்கியின் மூலக் குறை.

மாற்று வழிகளுக்கும் விலை உண்டு. ஐஎஸ்ஓ 9001 போன்ற தர நெறிகள் ஆவணத்துக்கு ஒப்புதலும் மாற்றக் கட்டுப்பாடும் கேட்கின்றன. அந்தத் தாமதத்தாலேயே ஊழியர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் இடைவழி ஒன்றைக் கையாள்கிறது. அதன் கையேட்டில் மாற்றத்தை முன்மொழிய வழி திறந்திருக்கிறது. ஒருவர் பார்த்து ஏற்ற பிறகே அது சேர்கிறது. நிரலாளர்களுக்கு இயல்பான அந்த முறை, கணக்குப் பிரிவினருக்கு எளிதில் கைவராது.

ஆகவே என் தீர்ப்பு, பிழையின் விளைவைப் பொறுத்தது. எடுத்த முடிவுகளின் காரணங்கள், புதியவர்களுக்கான அறிமுகம், பழுது நீக்கிய அனுபவங்கள் ஆகியவற்றுக்கு விக்கியை விடச் சிறந்த கருவி இல்லை. மருந்தளவு, இயந்திரப் பாதுகாப்பு, பணம் விடுவித்தல், தரவு மீட்பு ஆகியவற்றுக்கு அது கூடாது. அங்கே ஒப்புதலுக்காகக் காத்திருப்பதே சரி. விக்கிக்கு உரிய இடத்திலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பெயர் குறித்த பொறுப்பாளர் வேண்டும், மறுபார்வைத் தேதி வேண்டும், அந்த வேலைக்குச் சம்பள நேரம் ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தைத் தர மனமில்லாத நிர்வாகம் விக்கியைத் தொடங்காமல் இருப்பதே ஊழியர்களுக்கு நல்லது.