தீவாந்தரமும் சொந்த ஊரும்

மேரி வேட், ஒரு சிறுமி. இன்னொரு சிறுமியின் உடுப்பைப் பறித்ததற்காக 1789இல் லண்டனில் தூக்குத்தண்டனை. அது தீவாந்தரமாகக் குறைந்து, 1790இல் கப்பலில் சிட்னி போய்ச் சேர்ந்தாள். முன்னாள் பிரதமர் கெவின் ரட் அவள் வம்சாவளி. சொல்லிக்கொள்வதில் அங்கே கூச்சமில்லை.

எனக்கு சேலம் – நாமக்கல் சமவெளிதான் நினைவுக்கு வருகிறது. பொதிமாட்டில் உப்பு விற்ற குறவர்களின் பிழைப்பை ரயிலும் காலனிய உப்புக் கொள்கையும் அழித்தன. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. இங்கே திருடக்கூட வேண்டியதில்லை, பிறந்தாலே போதும். கப்பலும் வேண்டாம், கைரேகை, ராத்திரி ஆஜர் என்று சொந்த ஊரே தீவாந்தரம்.

மேரிக்குப் பெயர் உண்டு, ஆகவே தண்டனைக்கு முடிவும் உண்டு. இங்கே சாதிக்குத்தான் பெயர். 1947இல் மாகாணத்தில் சட்டம் போயிற்று, சந்தேகம் போகவில்லை.

எம்.ஏ.யில் குற்றாலக் குறவஞ்சி படித்து மார்க் வாங்கியவன் நான். மேடையில் ஆடிய குறத்தியை ரசித்தோமே, ஆஜருக்குப் போன புருஷன் திரும்புவானா என்று விழித்துக் கிடந்த குறத்தியை எந்தப் பாடத்தில் வைத்தோம்? போலீஸ் பதிவேடு விட்ட பெயரைத்தான் நம் இலக்கிய வரலாறும் விட்டிருக்கிறது.