தராசு சொல்லாத எடை

அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த கங்காரு வால் தசைநாரைக் கொண்டு ஆராய்ந்துதான், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கொலாஜன் என்ற புரதத்தின் முப்பிரி அமைப்பை முன்வைத்தார்கள். அந்தக் கொலாஜனைப் போலச் செய்த சிறு பெப்டைடை, அதாவது குறுகிய அமினோ அமிலச் சங்கிலியை, சரியாக நிறுத்துக் கரைக்கும் கைப்பக்குவமும் போற்றத்தக்கதே. குப்பியிலுள்ள 1 மில்லிகிராம் வெண்தூளில் அமில உப்பும் ஈரமும் கலந்திருக்கும். பெப்டைடு பல சமயம் 70, 80 சதவீதம்தான். சென்னைக் காற்றோ ஈரக்காற்று. உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பி அறைச் சூட்டுக்கு வருமுன் மூடியைத் திறந்தால், தூள் நீரை உறிஞ்சிக்கொள்ளும். பொறுத்திருந்து திறக்கும் அந்தக் கையை எனக்கு மிகவும் பிடிக்கும்.

‘தூய்மை 98 சதவீதம் என்று குப்பியின் சீட்டில் இருக்கிறதே’ எனலாம். அது குப்பியிலுள்ள பெப்டைடுகளுக்குள் வேண்டியது எவ்வளவு என்பதை மட்டுமே சொல்கிறது. உப்பும் நீரும் அந்தக் கணக்கில் வருவதில்லை. கரைத்தபின் 280 நானோமீட்டர் ஒளியில் அளந்துவிடலாம் என்பது இன்னும் வலுவான வாதம். ஆனால் அந்த ஒளியை உறிஞ்சுபவை முக்கியமாக டிரிப்டோஃபேன், டைரோசின் என்ற அமினோ அமிலங்கள். கிளைசின், புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் மட்டுமே அடுக்கிய கொலாஜன் வகைப் பெப்டைடு அதில் தென்படவே தென்படாது. அதை அமிலத்தில் 110 டிகிரியில் ஏறக்குறைய ஒரு நாள் சூடாக்கிச் சிதைத்து, அமினோ அமிலங்களைத் தனித்தனியே அளக்க வேண்டும். மெனக்கெட்ட வேலைதான். முறைக்கு முறை எண்ணின் பொருள் மாறுவதால், ஆய்வேட்டில் செறிவை எழுதுபவர், அதை எந்த முறையில் அளந்தார் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.